இயந்திரம் ‘இல்லை’ என்றால் இல்லையா?

2025 ஜூலை 8 அன்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநில அரசுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளர் வருகையைப் புகைப்படத்தின் மூலம் பதிவு செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட செல்பேசிச் செயலி முறைகேடாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அது கூறியது. வேலைக்குச் சற்றும் தொடர்பில்லாத படங்கள் பதிவேற்றப்படுகின்றன. நேரில் நிற்கும் மனிதர்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே எடுத்த படமே மீண்டும் படமெடுத்து அனுப்பப்படுகிறது. படத்தில் இருப்போரின் எண்ணிக்கையும் பதிவேட்டில் இருப்போரின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ஆண், பெண் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. பிற்பகல் படம் பல இடங்களில் எடுக்கப்படுவதே இல்லை. இவ்வாறு நீண்டது அந்தப் பட்டியல்.

இந்தச் செயலியை எதிர்த்து 2023 பிப்ரவரி முதல் தில்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் அமர்ந்திருந்த கிராமப்புறத் தொழிலாளர்கள் சொன்னதைத்தான் அமைச்சகம் இரண்டரை ஆண்டுகள் கழித்துத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது கண்டுபிடித்த தீர்வு விந்தையானது. செயலியைக் கைவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஊராட்சி அளவில் பதிவேற்றப்படும் படங்கள் அனைத்தையும் ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், மேல் அலுவலகங்களும் ஒரு பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. மனிதர்களை நம்ப முடியாது என்று கூறி இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். இப்போது இயந்திரத்தை நம்ப முடியாது என்று மீண்டும் மனிதர்களிடமே வந்து நிற்கிறார்கள். இந்தப் போக்குவரத்துக்கு இடையில் கூலி இழந்த தொழிலாளிக்கு என்ன பதில் என்பது பற்றி அந்தச் சுற்றறிக்கை கவலைப்படவில்லை.

தொழில்நுட்பம் பற்றிய விவாதம் இந்த நாட்டில் பெரும்பாலும் தவறான இடத்தில் நடத்தப்படுகிறது. ‘புதியதை ஏற்பதா, மறுப்பதா’ என்று கேட்கிறார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. இயந்திரம் ஒன்றைச் சொல்கிறது, உழைப்பாளி வேறொன்றைச் சொல்கிறார் என்றால் யார் சொல்வது மெய் என்று கொள்ளப்படுகிறது? தன் கூற்றை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது?

அளந்த மண்ணுக்கு அத்தாட்சி எதற்கு?

நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி பெரும்பாலும் நேரத்துக்குத் தரப்படுவதில்லை. செய்த வேலைக்குத் தரப்படுகிறது. வெட்டிய பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் அளக்கப்பட்டு, அந்த அளவுக்கேற்பக் கூலி கணக்கிடப்படுகிறது. வெட்டப்பட்ட குளமும் போடப்பட்ட கரையும் எவர் வந்து பார்த்தாலும் தெரியும்படி அங்கேயே கிடக்கின்றன. உழைப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

எனினும் 2022 மே 16 முதல் 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் பணித்தளங்களில் இந்தச் செயலி கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ எல்லாப் பணித்தளங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இடக்குறிப்புடன் இரண்டும் பதிவாக வேண்டும். அதிகாலையில் வந்து, தங்கள் பங்கு மண்ணை வெட்டி முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிக் குழந்தைக்குச் சோறாக்க வேண்டிய பெண்கள், இரண்டாவது படத்துக்காக வேலையற்றுக் காத்திருக்க வேண்டும்; அல்லது மீண்டும் நடந்து வர வேண்டும். இத்திட்டத்தில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதை நினைவில் கொண்டால், இந்த ஏற்பாட்டின் சுமை யார் மீது விழுகிறது என்பது விளங்கும். மலைப்பகுதியிலும் காட்டோரத்திலும் அலைவரிசை கிடைக்காவிட்டால், பணித்தளப் பொறுப்பாளரின் செல்பேசி பழுதானால், வழங்கி முடங்கினால், அன்றைய வருகை பதிவாகாது. பதிவாகாத வருகைக்குக் கூலி இல்லை. வெட்டிய பள்ளம் கண்முன் கிடக்கும். வெட்டியவர் அங்கு வரவே இல்லை என்று கணினி சொல்லும்.

வருகையைப் போலவே கூலிப் பட்டுவாடாவும் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆதார் வழிப் பணப்பட்டுவாடா முறை பலமுறை காலநீட்டிப்புக்குப் பிறகு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. வேலை அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிக்கல். இக்கெடு நெருங்கிய காலத்தில் நடந்ததை நாடாளுமன்றத்தில் அமைச்சகம் அளித்த விடையே காட்டுகிறது. 2021–22இல் ஏறத்தாழ 1.49 கோடித் தொழிலாளர்களின் பெயர்கள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. 2022–23இல் நீக்கப்பட்டவை 5.18 கோடிக்கும் மேல். போலி அட்டை, இரட்டைப் பதிவு, வேலை செய்ய விருப்பமின்மை, இடம்பெயர்வு, இறப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஓராண்டுக்குள் இந்தியக் கிராமங்களில் வேலை வேண்டாதோரும் இறந்தோரும் மூன்றரை மடங்கு பெருகிவிட்டார்கள் என்று எவரேனும் நம்ப முடியுமா? இலக்கை எட்டிக் காட்ட வேண்டிய அலுவலருக்கு, பொருந்தாத பெயரைத் திருத்துவதைவிட நீக்குவது எளிது. நூறு விழுக்காடு இணைப்பு என்ற சாதனையை அடைய, இணையாதவரை இல்லாதவராக்கிவிட்டால் போதும்.

விரலுக்கும் எண்ணுக்கும் இடையே

இயந்திரத்தின் தீர்ப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் அறிவியலின் பெயரால் பரப்பப்படுகிறது. ஆனால் அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. ரேஷன் கடைக் கருவியில் ஒருவர் விரலை வைக்கும்போது, ‘இவர்தான்’ என்றோ ‘இவரல்லர்’ என்றோ கருவி அறிந்து சொல்வதில்லை. முன்பு பதிந்த ரேகைக்கும் இப்போது வைத்த ரேகைக்கும் உள்ள ஒற்றுமையை அது ஒரு மதிப்பெண்ணாகக் கணக்கிடுகிறது. அந்த மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இருந்தால் ‘ஆம்’. கீழே இருந்தால் ‘இல்லை’.

அந்த வரம்பை இயற்கை வகுக்கவில்லை, மனிதர்கள் வகுக்கிறார்கள். வரம்பை உயர்த்தினால் போலிகள் நுழைவது குறையும். உரியவர் மறுக்கப்படுவது கூடும். தாழ்த்தினால் உரியவர் மறுக்கப்படுவது குறையும். போலிகள் நுழைவது கூடும். இரண்டு பிழைகளையும் ஒருங்கே ஒழிக்கும் வரம்பு எதுவும் இல்லை. ஆகவே எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பது பொறியாளர் மட்டும் தீர்மானிக்கும் கேள்வி ஆகாது. அது அரசியல் கேள்வி. தகுதியற்ற ஒருவர் ஐந்து கிலோ அரிசி வாங்கிவிடுவது பெரிய தீமையா, தகுதியுள்ள ஒருவர் பட்டினியோடு திரும்புவது பெரிய தீமையா? இந்தக் கேள்வி எந்தச் சட்டமன்றத்திலும் எந்தக் கிராம சபையிலும் வாக்கெடுப்புக்கு விடப்பட்டதில்லை. விடை மட்டும் கருவிக்குள் முன்கூட்டியே வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது.

அந்த விடை வர்க்கச் சார்பற்றதும் அன்று. செங்கல் சுமந்து, பாத்திரம் துலக்கி, சிமென்ட் குழைத்து, மண் வெட்டித் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கிப்போகிறது, முதுமையிலும் மங்குகிறது. வாழ்நாள் முழுவதும் கையால் உழைத்தவரின் கையைத்தான் கருவிக்கு அடையாளம் தெரிவதில்லை.

முகத்தை அடையாளம் காணும் கருவிகளின் நிலையும் இதுவே. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பெருநிறுவனங்கள் விற்பனை செய்த முகப் பகுப்பாய்வு மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைக் கணிப்பதில் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறு செய்தன, கருநிறப் பெண்களின் விஷயத்தில் இத்தவறு 34.7 விழுக்காடு வரை சென்றது என்று காட்டியது. இந்தியாவில், காணாமற்போன குழந்தைகளைத் தேடத் தில்லி காவல்துறை பயன்படுத்திய மென்பொருளின் துல்லியம் இரண்டு விழுக்காடுதான் என்று 2018இல் தில்லி உயர் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. எனினும் 2020 வடகிழக்கு தில்லி வன்முறைக்குப் பின், முக அடையாள மென்பொருளின் துணையால் 1,100க்கும் மேற்பட்டோரைக் கண்டறிந்துவிட்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் பெருமையுடன் கூறினார். எண்பது விழுக்காடு ஒற்றுமை இருந்தாலே பொருத்தம் எனக் கொள்வதாகத் தில்லி காவல்துறை பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விடையளித்தது. அந்த எண்பது என்ற கோட்டை அங்கே கிழித்தது எந்த அறிவியல்?

இத்தகைய தொழில்நுட்பம்தான் 2025 ஜூலை 1 முதல் அங்கன்வாடிகளுக்குள்ளும் கொண்டுவரப்பட்டிருக்கிறது. கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற, செல்பேசியின் முன் முகத்தைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். தன் தெருவில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு வீடாகச் சென்று அறிந்த அங்கன்வாடி ஊழியரின் சொல்லுக்கு மதிப்பில்லை. அலைவரிசை இல்லாத இடத்தில் திணறும் செயலிக்கு மதிப்பு உண்டு. ஊழியர் சங்கங்கள் நாடெங்கும் இதை எதிர்த்துப் போராடுவதில் வியப்பில்லை.

உயிருடன் இருப்பதற்கு ஊர்வலம்

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் ரேஷன் கிடைக்காமல் பட்டினியால் மாண்டாள் என்று குடும்பத்தினர் கூறினர். மலேரியாதான் காரணம் என்று நிர்வாகம் மறுத்தது. மறுத்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில், ஆதார் இல்லை என்பதற்காக எவருக்கும் உணவு தானியம் மறுக்கக்கூடாது என்று ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்கு ஆணை அனுப்பியது. தவறே நடக்காத இடத்தில் திருத்தம் எதற்கு?

2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி உச்ச நீதிமன்றத்தில் அளித்த விளக்கத்தின்படி, அரசு நலத்திட்டங்களில் ஆதார் சரிபார்ப்பு வெற்றி பெறும் விகிதம் 88 விழுக்காடு. நூறு முயற்சிகளில் பன்னிரண்டு தோல்வி. வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் இந்தத் தோல்வி இதைவிடக் குறைவாக இருந்தது. அதாவது, ஏழைகள் நிற்கும் வரிசையில்தான் கருவி அதிகம் தோற்கிறது. இந்தத் தோல்விகளுக்கான காரணங்களைப் பகுத்தாய ஆணையத்திடம் எந்த ஏற்பாடும் இல்லை என்று 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறிப்பிட்டது. கோடிக்கணக்கானோரின் விரலை நாள்தோறும் சோதிக்கும் நிறுவனம், தன் சோதனை ஏன் தோற்கிறது என்று தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை.

விரல் வைக்க வாய்ப்புக்கூடத் தராமல் தீர்ப்பு எழுதும் மென்பொருள்களும் உண்டு. தெலங்கானாவில் பல அரசுத் துறைகளின் தரவுகளை ஒன்றிணைத்து, யார் ஏழை, யார் ஏழையல்லர் என்று கணிக்கும் மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் அங்கு நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. ஹைதராபாத்தில் ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் பெயர், கார் வைத்திருக்கும் வேறொருவரின் பெயரோடு ஒத்திருந்ததால், அவர் கார் முதலாளி ஆக்கப்பட்டு அவருடைய குடும்பம் தானியத்தை இழந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நேரடிக் கள ஆய்வுக்கு ஆணையிட்ட பிறகே, முதற்கட்டமாகச் சரிபார்த்தவற்றில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று தெரிய வந்தது. அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இழந்த அரிசியை எந்த மென்பொருளும் திருப்பித் தரவில்லை.

ஹரியானாவில் குடும்ப அடையாள அட்டைத் தரவுகள் உயிரோடு இருந்த முதியவர்களை இறந்தவர்கள் என்று பதிவு செய்து ஓய்வூதியத்தை நிறுத்தின. 2022 செப்டம்பரில் ரோத்தக் நகரில் 102 வயது முதியவர் ஒருவர், ரூபாய் நோட்டு மாலையணிந்து, மேளதாளத்துடன் மாப்பிள்ளை ஊர்வலம் போல ரதத்தில் ஏறி வந்து, தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஏடுகள் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. ஆனால் நூறு வயது தாண்டிய ஒரு குடிமகன், தான் சாகவில்லை என்பதைத் தன் செலவில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதில் வேடிக்கை எதுவும் இல்லை. மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியதன் முழுப் பொருளும் அந்த ஊர்வலத்தில் இருந்தது.

மிச்சமானது யாருடைய சோறு?

‘கசிவைத் தடுத்திருக்கிறோம், லட்சக்கணக்கான கோடி ரூபாய் மிச்சம்’ என்பது ஒன்றிய அரசின் ஓயாத முழக்கம். பொது விநியோகத்தில் திருட்டு நடந்தது உண்மை. தானியம் கடத்தப்பட்டதும் போலி அட்டைகள் இருந்ததும் உண்மை. அவற்றை எதிர்த்து இடதுசாரி இயக்கம் எண்ணற்ற கிராமங்களில் போராடியிருக்கிறது. ஆனால் மிச்சம் என்று காட்டப்படும் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு மானியத்தைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் அப்படிப் பிரித்துப் பார்த்தார். நேரடிப் பணமாற்றத்தால் மிச்சமானதாக முரசறையப்பட்ட காலத்தில் மானியச் செலவில் ஏற்பட்ட குறைவில் 21,552 கோடி ரூபாய் உலகச் சந்தையில் விலை சரிந்ததால் வந்தது. நுகர்வு குறைந்ததால் வந்தது ஏறத்தாழ 1,764 கோடி ரூபாய்தான்.

ஜார்க்கண்டில் ஆதார் வழி ரேஷன் முறையைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் விரிவான கள ஆய்வுக்கு உட்படுத்தினர். அவர்கள் இடதுசாரிகள் அல்லர். பயோமெட்ரிக் அட்டைகளால் ஆந்திரத்தில் நன்மை விளைந்தது என்று முன்பு எழுதியவர்கள். ஜார்க்கண்டில் அவர்கள் கண்டது வேறு. விரல் ரேகையைக் கட்டாயமாக்கியதால் மட்டும் கசிவு குறையவில்லை. ஆதாரை முன்னதாக இணைத்திராத 23 விழுக்காடு பயனாளிகள் பெற்ற பலன் பத்து விழுக்காடு குறைந்தது. பின்னர் கருவியின் கணக்கைக் கொண்டு கடைகளுக்கான ஒதுக்கீட்டைத் திருத்தியபோது கசிவு குறைந்தது. கூடவே மக்களின் பங்கும் குறைந்தது.

காரணம் விளங்காததல்ல. எடைக்கல்லில் திருடும் கடைக்காரரை விரல் ரேகை பிடிக்காது. ரேகை வாங்கிக்கொண்டு ஐந்து கிலோவுக்கு நான்கு கிலோ போட்டால், கருவி ஐந்து கிலோ என்றே எழுதும். பெருந்திருட்டு நடக்கும் கிடங்கிலும் லாரியிலும் ஒப்பந்தத்திலும் கருவி இல்லை. அது வைக்கப்பட்டிருப்பது அரிசி வாங்க வரும் மூதாட்டியின் முன்னால். கண்காணிப்பின் திசையே சந்தேகம் யார் மீது என்பதைச் சொல்லிவிடுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து, 2018 செப்டம்பர் 26 அன்று, ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தின் உயிர்நாடியான ஏழாவது பிரிவை ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவது தடுக்கப்பட்டது. நலத்திட்டப் பயனாளியிடம் அரசு கோருவது அனுமதிக்கப்பட்டது. வசதி படைத்தவர் செல்பேசி இணைப்புக்கு ஆதார் கொடுக்க மறுக்கலாம். வறியவர் அரிசிக்கு மறுக்க முடியாது. உரிமை ஒன்றுதான், அது இரு வர்க்கங்களுக்கு இருவிதமாகக் கிடைத்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், அரசியல் சாசன உத்தரவாதங்கள் தொழில்நுட்பத்தின் நிகழ்தகவுகளைச் சார்ந்து நிற்கக்கூடாது என்றார். அது சிறுபான்மைத் தீர்ப்பாகவே நின்றுவிட்டது.

பின்னர் வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியமும் நலத்திட்டமும் வழங்கும் அரசு, மக்களின் தரவுகளைப் புதிதாக ஒப்புதல் கேட்காமலேயே கையாள வழி வகுத்தது. அத்துடன் நில்லாமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தியது. தனிநபர் தகவல் என்று சொன்னாலே மறுத்துவிடலாம் என்ற நிலை அதனால் உருவாகியுள்ளது. அரசு மக்களைப் பார்க்கும் சாளரம் அகலமாகிறது. மக்கள் அரசைப் பார்க்கும் சாளரம் சாத்தப்படுகிறது.

இயந்திரத்தின் கூற்றுக்குச் சட்டம் தலைவணங்கினால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றங்கள் அனுமானித்துக்கொள்ளும் நிலையை அங்கு 1999இல் வந்த சட்டமாற்றம் உருவாக்கியது. அதே ஆண்டுகளில் அஞ்சலகங்களில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசான் மென்பொருள் நிறுவப்பட்டது. அது இல்லாத பணப் பற்றாக்குறையைக் காட்டியது. திருடவில்லை என்று மெய்ப்பிக்க முடியாத சிற்றூர் அஞ்சலக நடத்துநர்கள் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தற்கொலை செய்துகொண்டனர். தண்டனைகளைத் துடைக்க 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்ற தானியங்கி முறை, ஆண்டு வருமானத்தைச் சராசரி எடுத்து, உதவித்தொகை பெற்ற லட்சக்கணக்கான ஏழைகளைக் கடனாளிகள் என்று அறிவித்தது. கடன் இல்லை என்று மெய்ப்பிப்பது அவர்களுடைய பொறுப்பாயிற்று. 2023இல் ராயல் ஆணையம் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோரை மோசடிக்காரர்களாக்கிய விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. முன்னேறிய முதலாளித்துவ நாடுகள் விழுந்து எழுந்த குழியை, இந்திய ஆளும் வர்க்கம் ‘டிஜிட்டல் புரட்சி’ என்று பெயர் பலகை நட்டுத் திறந்து வைக்கிறது.

பழைய பழியும் மேசையும்

இதைச் சொன்னால், ‘அன்று கணினியை எதிர்த்தவர்கள்தானே இவர்கள்’ என்ற பழைய பழி உடனே எடுத்து வீசப்படும். வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பது நல்லது. வங்கித் தொழிற்சங்கங்கள் கணினிமயத்தைப் பற்றி 1983இல் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் கையெழுத்திட்டன. எந்த வேலைக்கு, எவ்வளவு, எந்தப் பாதுகாப்புகளோடு என்று மேசையில் அமர்ந்து பேசின. இயந்திரம் வரலாம், உழைப்பவனைக் கேட்டுவிட்டு வரட்டும் என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம். இயந்திரத்தையும், மூலதனம் அதை ஆளும் விதத்தையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்பது மார்க்ஸ் கற்பித்த பாலபாடம். கேரளத்தில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியதும், 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற பொதுத்துறை இணைய வலையமைப்பைத் தொடங்கி ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக அறிவித்ததும் இடது ஜனநாயக முன்னணி அரசுதான்.

வங்கி ஊழியருக்கு அன்று ஒரு மேசை இருந்தது. மண் வெட்டும் தொழிலாளிக்கு அந்த மேசை இல்லை. அவருடைய வருகையைப் பதிவு செய்யும் செயலி குறித்து அவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காமல் கொண்டு வந்ததால்தான், அளந்த மண்ணுக்குப் படம் எதற்கு என்ற எளிய கேள்விக்குக்கூட விடையில்லாமல் போயிற்று.

ஊழலை ஒழிக்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது, இந்தியக் கிராமத்திலேயே பிறந்த வழி. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகள் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கு வராதவர் பெயர், இல்லாத கட்டடத்துக்கு எழுதிய செலவு என்று ஒவ்வொன்றாக அம்பலமாயின. பொய்யைக் கண்டுபிடிக்க அங்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஊருக்கு ஊர் தெரியும். அந்த இயக்கத்தின் வழியேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், வேலை உறுதிச் சட்டத்தின் சமூகத் தணிக்கைப் பிரிவும் வந்தன. அங்கே அரசு தன் கணக்கை மக்கள் முன் மெய்ப்பித்தது. இன்றைய செயலி அதைத் தலைகீழாக்கி, மக்களை அரசின் முன் நிறுத்துகிறது.

அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குச் சட்ட வடிவமும் தரப்பட்டுவிட்டது. 2025 டிசம்பரில் வேலை உறுதிச் சட்டத்தை அகற்றிவிட்டு, மகாத்மா காந்தியின் பெயரையும் நீக்கி, விபி–ஜி ராம் ஜி சட்டத்தை ஒன்றிய அரசு அவசர அவசரமாக நிறைவேற்றியது. 125 நாள் என்ற விளம்பரத்தின் பின்னால், பெரும்பாலான மாநிலங்களின் தலையில் 40 விழுக்காடு செலவு ஏற்றப்பட்டிருக்கிறது. வேளாண் பருவத்தில் 60 நாள் வேலைநிறுத்தி வைக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. பயோமெட்ரிக் சரிபார்ப்பும் செயற்கை நுண்ணறிவும் இனிச் சட்டத்தின் உறுப்புகள். நேற்றுவரை சுற்றறிக்கையாக இருந்த அநீதி இன்று சட்டமாகிவிட்டது. செயலியின் தோல்வியை ஒப்புக்கொண்ட அதே அரசு, ஐந்தே மாதங்களில், இன்னும் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவருகிறது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

இந்தப் போராட்டம் எந்த இயந்திரத்தையும் உடைக்கக் கோரவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை அது இருக்க வேண்டிய இடத்துக்கே திருப்பி அனுப்பக் கோருகிறது.

முதலாவதாக, கருவியின் ‘இல்லை’ எந்த உரிமைக்கும் இறுதி விடையாக இருக்கக்கூடாது. விரல் பொருந்தாவிட்டாலும், முகம் பொருந்தாவிட்டாலும், அலைவரிசை இல்லாவிட்டாலும் தானியமும் கூலியும் அன்றே தரப்பட வேண்டும். சரிபார்ப்பு பின்னர் நடக்கட்டும். அதன் பொறுப்பு அரசினுடையது.

இரண்டாவதாக, முன்னறிவிப்பும் நேரடி விசாரணையும் கிராம சபையின் ஒப்புதலும் இல்லாமல் எந்தக் குடும்ப அட்டையும், வேலை அட்டையும், ஓய்வூதியமும் நீக்கப்படக்கூடாது. நீக்கப்பட்டவை அனைத்தும் கள ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். தவறாக இழந்தவர்களுக்கு நிலுவையுடன் இழப்பீடு வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு மென்பொருளின் விதிகளும், பிழை விகிதமும், அதை விற்ற நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தமும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

நான்காவதாக, பணித்தளத்தில் புகைப்பட வருகைப்பதிவும், அங்கன்வாடியில் முக அடையாளமும் கைவிடப்பட்டு, சமூகத் தணிக்கைக்குப் போதிய நிதியும் சுதந்திரமும் அளிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை மாநாட்டுத் தீர்மானங்களில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் விரல் பொருந்தாமல் திரும்பியோர், படம் ஏறாததால் கூலி இழந்தோர், காரணம் சொல்லாமல் பெயர் நீக்கப்பட்டோர் ஆகியோரின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் கிராம சபையிலும் நிற்க வேண்டும். அரசு இதுவரை திரட்ட மறுத்த தரவு அதுதான். வெட்டிய குளம் கண்முன் கிடக்கிறது. வெட்டியவர் வரவில்லை என்று சொல்கிறவரே இனி அதை மெய்ப்பிக்கட்டும்.